கடைசி பெஞ்சுக்குக் கேட்காத பாடம்

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடுவதற்குள்ளேயே அவளுக்கு அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போல் இருந்தது.

தைத்த சட்டைகள் வெளியூருக்குப் போகும் கம்பெனியில் அவள் பதினான்கு வருஷமாகச் செக்கர். லைனில் தைத்து வரும் ஒவ்வொரு சட்டையும் அவள் மேசைக்கு வந்துதான் பெட்டிக்குப் போகவேண்டும். காலர் கோணலா, தையல் விட்டிருக்கிறதா, பட்டன் ஓட்டை தப்பியிருக்கிறதா என்று ஒரு சட்டைக்கு ஒரு நிமிஷம்தான் கணக்கு. அந்த ஒரு நிமிஷத்தில் அவள் கண்ணுக்குத் தப்பிய பிழை கிடையாது என்று சூப்பர்வைசரே சொல்வார். கம்பெனியில் எல்லோருக்கும் அவள் செக்கரக்கா. தெருவிலும் அப்படித்தான். பஸ் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர்கூட, சாப்பாட்டில் உப்பு குறைந்தால், "செக்கரம்மா இதைப் பாஸ் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அப்பேர்ப்பட்டவள், படித்துப் பார்த்தும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

காகிதம் பள்ளிக்கூடத்துடையது. அவள் மகள் அங்கே பத்தாம் வகுப்பு. வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு வீட்டில் மைனா என்று பெயர். எட்டாவது, ஒன்பதாவதில் எழுபதுக்குக் குறையாமல் எடுத்தவள் அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் இருபத்து மூன்று, அறிவியலில் முப்பத்தொன்று என்று வந்து நின்றாள். மார்க் குறைந்த பிள்ளைகளின் பெற்றோரை மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி ஒடுங்கி உட்கார்ந்திருக்க, தலைமையாசிரியை முன்னால் நின்று வாசித்தார்.

"பிள்ளைங்க மார்க் ஏன் குறையுதுன்னு நாங்க ஆராய்ச்சி பண்ணியிருக்கோம். மொத்தம் பதினொரு காரணம். ஒண்ணு, பெற்றோருக்குப் படிப்பு இல்லாதது. ரெண்டு, அம்மா வேலைக்குப் போறது. மூணு, வீட்டுல செல்போன். நாலு, படிக்கத் தனி இடம் இல்லாதது. அஞ்சு, பெற்றோருக்குள்ள சண்டை. ஆறு, சரியான தூக்கம் இல்லாதது…"

பின்வரிசையிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். குழாய் ரிப்பேர் செய்கிறவர். "டீச்சர், பதினொண்ணுல எனக்கு ஒம்போது பொருந்துதுங்க. பரிசு கிரிசு உண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. ஒவ்வொருவர் கையிலும் அவரவர் பிள்ளையின் பெயர் எழுதிய தாளைக் கொடுத்தார். அவள் தாளில் மூன்று இடங்களில் சிவப்பு மையால் டிக் போட்டிருந்தது. பெற்றோருக்குப் படிப்பு இல்லை. தாய் வேலைக்குச் செல்பவர். மாணவிக்குக் கவனம் இல்லை. அடியில், 'மேற்கண்ட காரணங்களை ஒப்புக்கொள்கிறேன்' என்று அச்சடித்து, அதன் கீழே ஒரு கோடு.

அவள் எட்டாவது வரை படித்தவள். அந்த 'ஒப்புக்கொள்கிறேன்' அவள் கண்ணில் முள்ளாகக் குத்தியது. ஆனால் பக்கத்தில் எல்லோரும் மளமளவென்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நின்று கேள்வி கேட்டால், 'வேலைக்கும் போறா, வாயும் பேசுறா' என்பார்கள். போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வீட்டில்தான் ஒருத்தி இருக்கிறாளே.

மைனா அப்போதுதான் எறிபந்து விளையாடிவிட்டு வியர்வையோடு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அந்த ஷூவைப் பறித்து மாடிப்படிக்குக் கீழே வீசினாள் அம்மா. "இன்னையோட பந்து கிந்து எல்லாம் மூட்டை கட்டு! நாலு பேர் முன்னால என்னைக் கூனிக் குறுக வச்சுட்டல்ல! நாள் பூரா நின்னு நின்னு கால் வீங்கிப் போறது எதுக்குடி? நீ இருபத்து மூணு எடுக்குறதுக்கா?"

"அம்மா, எனக்கு கிளாஸ்ல ஒண்ணுமே கேக்கலம்மா."

"கேக்கலையா? நான் சொல்றதும் கேக்கல, டீச்சர் சொல்றதும் கேக்கல, அப்புறம் காது எதுக்குடி இருக்கு? தோடு மாட்டவா?"

கன்னத்தில் ஒன்று விழுந்தது. ஐந்தாவது வயதுக்குப் பிறகு அவள் மகளை அடித்தது அன்றுதான். மைனா அழவில்லை. அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே போய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தாள். அதிலிருந்து மைனா பேசுவது நின்றது. சாப்பிட வா என்றால் வந்தாள். கேட்ட கேள்விக்கு 'ம்' போட்டாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ஷூவைத் தேடி எடுத்து வந்து துடைத்து வைத்த அப்பாதான் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏம்மா, அவ கேக்கலன்னு சொன்னது நிசமாவே காதுல ஏதாவது கோளாறா இருந்தா?"

"உங்க பொண்ணுக்குக் காது கேக்காதா? அடுத்த தெருவுல ஐஸ் வண்டி வந்தா இங்கேருந்து ஓடுவா."

"அது சின்ன வயசுல. ஒரு தடவை காட்டிட்டு வந்துருவோமே. பஸ்ல சத்தம் வந்தா நான் முதல்ல எஞ்சினைத் திறந்துதான் பாப்பேன். பயணிங்களையா திட்டுவேன்?"

காது டாக்டர் மைனாவைக் கண்ணாடி போட்ட அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார். வெளியே வந்து சிரித்தார். "பாம்புக் காதும்மா உங்க பொண்ணுக்கு. குண்டூசி விழுந்தாலும் கேக்கும்."

அவள் கோபம் இரண்டு மடங்கானது. ஆக, பொய். மார்க்கும் இல்லை, உண்மையும் இல்லை. வீடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். அந்த வாரமே கம்பெனியில் ஓவர்டைம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் மகளுக்கு எதிரில் காவல்காரி மாதிரி உட்கார ஆரம்பித்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் ஒன்று விளங்காமல் உறுத்தியது. புத்தகத்தில் அச்சாகியிருக்கும் கணக்கை மைனா போட்டாள். கொஞ்சம் திணறினாலும் போட்டாள். புத்தகத்தில் இருக்கும் அறிவியல் பாடத்தைப் படித்தாள், ஒப்பித்தாள். கவனம் இல்லாத பிள்ளை இப்படிப் படிக்குமா? ஆனால் வகுப்பில் எழுதிய நோட்டை எடுத்தால் திரும்பத் திரும்ப மூடி வைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் மைனாவின் சிநேகிதிகள் மூன்று பேர் சேர்ந்து படிக்க வந்தார்கள். குழாய்க்காரரின் மகள், ஆறடியை எட்டிப் பிடிப்பவள், பெயர் நெட்டை. இன்னொருத்தி கண்ணாடிக்காரி. மூன்றாவது பெண் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. அவளை ஊமைக்கோட்டான் என்பார்கள், அவளும் அதற்கு லேசாகச் சிரிப்பாள். நான்கு பேருமே கடைசி பெஞ்ச்.

அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தபோது, தரையில் விரித்துக் கிடந்த நான்கு அறிவியல் நோட்டுகளும் ஒருசேர அவள் கண்ணில் பட்டன. நின்றுவிட்டாள்.

நான்கிலும் ஒரே பாடம். நான்கிலும் ஓட்டை.

'கடத்தியின் நீளம் அதிகமானால் மின்தடை' என்று எழுதி, பிறகு வெற்று இடம். அடுத்த வரி, 'ஆகவே தடிமன்', பிறகு வெற்று இடம். சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவளும் தரையில் உட்கார்ந்தாள். ஒரு நோட்டை இன்னொன்றின் பக்கத்தில் நகர்த்தினாள். நெட்டையின் நோட்டில் எந்தச் சொல்லுக்குப் பிறகு விட்டுப்போயிருந்ததோ, அதே சொல்லுக்குப் பிறகுதான் கண்ணாடிக்காரியின் நோட்டிலும் விட்டுப்போயிருந்தது. ஊமைக்கோட்டானுடையதிலும், மைனாவுடையதிலும் அங்கேதான்.

தையலில் இதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். ஒரு சட்டையில் தையல் விட்டிருந்தால் அது தைத்தவளின் கை. நான்கு பெண்கள் தைத்த நான்கு சட்டையில் ஒரே இடத்தில் தையல் விட்டிருந்தால் கையைக் குறை சொல்ல முடியாது. மெஷினைத்தான் திறக்கவேண்டும்.

பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். வருஷத் தொடக்கத்தில் நோட்டு நிறைவாக இருந்தது. காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகுதான் ஓட்டை. மறுபடி முன்னோக்கி வந்தாள், தேதி தேதியாக. ஓட்டை, ஓட்டை, முழுசு, ஓட்டை, ஓட்டை. மறு வாரமும் அப்படியே.

"புதன்கிழமை மட்டும் முழுசா எழுதியிருக்கீங்களே. அன்னைக்கு என்ன?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நெட்டைதான் சொன்னாள். "புதன்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்கு டெஸ்ட் ஆன்ட்டி. அன்னைக்கு மட்டும் மைக் இருக்காது."

"என்ன மைக்?"

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. காலாண்டு முடிந்ததும் முதல் இருபது மாணவிகளைப் பிரித்துத் தனி வகுப்பு ஆக்கினார்கள். இடம் இல்லை என்று பத்தாம் வகுப்பு அறையையே பிளைவுட் தட்டி வைத்து இரண்டாக்கினார்கள். நல்ல கணக்கு டீச்சரும் அறிவியல் டீச்சரும் அந்தப் பக்கம் போனார்கள். அவர்கள் தொண்டை கட்டிவிடக்கூடாது என்று மைக்கும் ஸ்பீக்கரும் வாங்கினார்கள். ஸ்பீக்கரை மாட்டிய இடம் அந்தத் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பது கடைசி பெஞ்ச். இந்தப் பக்க அறுபது பேருக்கு இரண்டு பாடத்தையும் நடத்துவது விளையாட்டுப் பயிற்சிக்கென்று தற்காலிகமாகச் சேர்த்த ஒரு சார். யார் எங்கே உட்காருவது என்பது மார்க் வரிசைப்படி.

"நீங்க டீச்சர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னோம் ஆன்ட்டி. மார்க் எடுங்க, முன்னால உக்காரலாம்னு சொன்னாங்க. முன்னால உக்காந்தாத்தான் ஆன்ட்டி கேக்கும். கேட்டாத்தான் மார்க் வரும்."

"வீட்டுல சொல்றதுக்கு என்ன?"

இதற்கு மைனா பதில் சொன்னாள். எட்டு நாளில் அவள் அம்மாவிடம் பேசிய முதல் வாக்கியம்.

"சொன்னேனே. நீ அடிச்ச."

அவளுக்கு முகம் தீயாக எரிந்தது. மற்றப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எழுந்து பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அடித்த கை அது. கையெழுத்துப் போட்டதும் அது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தப் பழியை எடுத்துக்கொண்டு வந்து தன் மகள் தலையில் அவளே சுமத்தியிருக்கிறாள்.

சாயங்காலம், சிநேகிதிகள் போன பிறகு, மகளிடம் போய் நின்றாள். "தப்புடி. என் மேலதான் தப்பு." மைனா நோட்டிலிருந்து நிமிரவில்லை. "சரி" என்றாள். மன்னித்துவிட்டேன் என்ற சரி இல்லை அது, பேச்சை முடிக்கிற சரி.

திங்கட்கிழமை கம்பெனியில் அரை நாள் பர்மிஷன் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமையாசிரியை கூட்டத்தில் இருக்கிறார், உட்காருங்கள் என்றார் வாசலில் இருந்த பியூன். உட்காரவில்லை. நேராக மாடி ஏறி, பத்தாம் வகுப்புக்குள் நுழைந்து, கடைசி பெஞ்சில் மகளை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அறுபது தலைகளும் திரும்பின. மைனா கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

போர்டு பக்கத்தில் நின்ற சாருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கழுத்தில் விசில் தொங்கியது, கையில் அறிவியல் புத்தகம். "அம்மா, நீங்க யாரு?"

"இவளோட அம்மா. நீங்க நடத்துங்க சார். நானும் கொஞ்சம் படிச்சுக்கறேன்."

அவர் வாசலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, புத்தகத்தை விரித்து வாசிக்கத் தொடங்கினார். அதே வினாடி அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த தட்டி அதிர்ந்தது. 'எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஃபைவ் எக்ஸ்' என்று ஒரு பெண் குரல் அவள் பிடரியில் வெடித்தது. எதிரில் சாரின் வாய் அசைவது தெரிந்தது. இதயம் என்கிறாரா, இடது என்கிறாரா? ஏதோ நான்கு அறை என்றார். அதற்குள் பின்னாலிருந்து 'ரெண்டு பக்கமும் ஆறால வகுத்தா' என்று வந்து அதை விழுங்கியது. அவள் வேலை செய்யும் இடத்தில் இருநூறு மெஷின் ஓடுகிறது. மெஷின் சத்தம் பழகிப்போகும், ஏனென்றால் அதில் சொல் கிடையாது. இது சொல். காது ஒன்றைப் பிடிக்கப் போனால் இன்னொன்று இடித்துத் தள்ளியது. கால் மணி நேரத்தில் அவளுக்குத் தலை வலித்தது. இந்தப் பிள்ளைகள் மூன்றரை மாதமாக இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

மைனாவின் பேனா ஓடிற்று, நின்றது, ஓடிற்று, நின்றது. நின்ற இடத்தில் ஒரு விரற்கடை விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனாள். நான்கு பேரும் ஒன்றுபோல்.

பாடம் முடிந்ததும் நான்கு நோட்டையும் வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள். சார் படிக்கட்டு வரை வந்தார். தணிந்த குரலில், "நானும் ரெண்டு தடவை சொன்னேம்மா. இஷ்டமிருந்தா இருங்கன்னுட்டாங்க. எனக்கு அறிவியல் தெரியாதும்மா. முந்தின நாள் படிச்சுட்டு வந்து ஒப்பிக்கிறேன்" என்றார். அவர் மேல் கோபப்படக்கூட அவளுக்கு வாய்க்கவில்லை.

தலைமையாசிரியையின் மேசை மேல் நான்கு நோட்டையும் வரிசையாக விரித்து வைத்தாள்.

"இந்த ஓட்டை எல்லாம் ஒரே இடத்துல இருக்கு பாருங்க டீச்சர். புதன்கிழமை மட்டும் இல்ல. ஏன்னு சொல்லுங்க."

"முன்னறிவிப்பு இல்லாம வகுப்புக்குள்ள போனது பெரிய தப்பு. அதைப் பத்திப் பேசுவோமா முதல்ல?"

"பேசுவோம். அதுக்கு முன்னால நான் அன்னைக்குக் கூட்டத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளை எடுங்க. அது எனக்குத் திரும்ப வேணும்."

"அதெல்லாம் ஃபைல்ல போயாச்சு. இங்க பாருங்கம்மா, கோபப்படாதீங்க. இருபது பிள்ளைங்க நல்ல ரேங்க் எடுத்தாத்தான் பள்ளிக்கூடத்துக்குப் பேரு. பேரு இருந்தாத்தான் உங்க பொண்ணுக்கும் பெருமை."

"என் பொண்ணுக்குப் பெருமை வேணாம். பாடம் கேட்டாப் போதும்."

"படிக்கிற பிள்ளை எங்க உக்காந்தாலும் படிக்கும்."

"அப்படியா?" அவள் குரல் உயர்ந்தது. வாசலில் பியூன் எட்டிப் பார்த்தார். "அப்போ அந்த இருபது பேரையும் நாளைக்கு இந்தப் பக்கம் உக்கார வைங்க. படிக்கிற பிள்ளைங்கதானே? எங்க உக்காந்தா என்ன?"

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீங்க எட்டாவது வரைக்கும்தான் படிச்சிருக்கீங்க. கல்வி விஷயமெல்லாம் உங்களுக்குப் புரியாது."

"எட்டாவது படிச்சவளுக்கே கால் மணி நேரத்துல புரியுது. உங்களுக்கு மூணரை மாசமாப் புரியலையே, அது எந்தக் காரணத்துல வரும்? பதினொரு காரணம் எழுதினீங்க. பதினொண்ணும் எங்க வீட்டுக்குள்ளதான் இருந்துச்சா? எங்க அடுப்படியைப் பாத்தீங்க, படுக்கையைப் பாத்தீங்க, புருஷன் பொண்டாட்டி சண்டை போடுறாங்களான்னு பாத்தீங்க. உங்க தட்டியைப் பாக்கலை! ஆராய்ச்சியாம், ஆராய்ச்சி! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டு, சோறு சரியில்லன்னு எங்ககிட்ட கையெழுத்து வாங்கியிருக்கீங்க!"

நோட்டுகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் மைனாவை முதல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அதைக் கேட்டதும் அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அடித்துப் பேசியது வீண்போகவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லத் தொடங்கினாள். மைனா பையைத் தொப்பென்று தரையில் போட்டாள்.

"உன் வாயை அடைக்கத்தான் என்னை முன்னால போட்டாங்க. உனக்குப் புரியலையாம்மா?"

"இருக்கட்டுமேடி. உனக்கு இப்போ கேக்குதில்ல?"

"எனக்குக் கேக்குது. நெட்டைக்குக் கேக்கல. என் இடத்துல முன்னால இருந்த ஒருத்தியைத் தூக்கிப் பின்னால போட்டாங்க. அவ இன்னைக்கெல்லாம் என்னை முறைச்சுக்கிட்டே இருந்தா. நாலு நோட்டை எடுத்துட்டுப் போய் எனக்கு மட்டும் இடம் வாங்கிட்டு வந்திருக்க." மைனாவின் குரல் உடைந்தது. "நாளைக்கு நான் பின்னாலதான் உக்காரப் போறேன்."

ஒரு நிமிஷம் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தலைகீழாக நின்று வாங்கிக் கொடுத்ததை இந்தக் கழுதை வேண்டாம் என்கிறதே. கை ஓங்கவில்லை, ஆனால் வாய் வரை வந்துவிட்டது. அப்பா குறுக்கே வந்தார். "அவ சொல்றதுல என்னம்மா தப்பு? ஒரு சட்டையில பிழையைச் சரி பண்ணிட்டு மிச்ச பண்டலை அப்படியே பெட்டியில போட்டா, நீ விடுவியா?"

விடமாட்டாள். அது அவளுக்கே தெரியும். தெரிந்ததால் இன்னும் கோபம் வந்தது. ஆனால் இந்த முறை அந்தக் கோபம் போகவேண்டிய திசையில் போனது.

செருப்பை மாட்டிக்கொண்டு குழாய்க்காரர் வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து கண்ணாடிக்காரியின் வீடு. அங்கிருந்து ஊமைக்கோட்டானின் வீடு. அந்தப் பெண்ணின் அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவள். கதவைத் திறந்ததும், "என் பொண்ணு மக்கு, அதுக்கு நான் என்ன பண்றது?" என்றாள். அவளுக்கு நோட்டைக் காட்டிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. புரிந்த பிறகு அந்த அம்மாள் மகளை இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

முதலில் நான்கு வீட்டாரும் சேர்ந்து கல்வி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஓர் அதிகாரி வந்தார். வருகிறார் என்பது பள்ளிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். அன்று மைக் ஓடவில்லை, எல்லோருக்கும் எல்லாம் கேட்டது. அதிகாரி, வகுப்பு நல்ல அமைதியாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் ஸ்பீக்கர் கனைத்தது.

"நான் வேணா ஒரு நாள் குழாய் பாக்குற மாதிரி போய் அந்த ஒயரை நறுக்கிட்டு வந்துரவா?" என்றார் குழாய்க்காரர்.

"ஒயரை நறுக்கினா புது ஒயர் வாங்குவாங்க. வேற வழி இருக்கு. அவங்க நம்மளை ஒரு நாள் பெஞ்சுல உக்கார வச்சாங்க இல்ல? நாம தினமும் போய் உக்காருவோம்" என்றாள் செக்கரக்கா.

அடுத்த திங்கட்கிழமை தொடங்கியது. ஒரு நாளைக்கு ஒரு பெற்றோர். வேலைக்கு லீவு போட்டோ, ஷிப்ட் மாற்றியோ, மணி அடித்ததும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் சத்தம் போடவில்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா. கேட்டதை எழுதினார்கள், கேட்காததற்கு இடம் விட்டார்கள். பியூன் வந்து வெளியே போகச் சொன்னபோது, "இந்த வரியை மட்டும் எழுதிட்டு வந்துடறேன்" என்றார் குழாய்க்காரர். நான்காம் நாள் ஆஸ்பத்திரி அம்மாள் வந்தாள். எழுதத் தெரியாத அவள், காதில் விழாமல் போகும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கோடு கிழித்தாள். ஒரே பாடவேளையில் மூன்று பக்கம் கோடு. அதைக் கொண்டுபோய்த் தலைமையாசிரியையின் மேசையில் வைத்துவிட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் வேலைக்குப் போனாள்.

ஒன்பதாம் நாள் தட்டிக்கு அந்தப் பக்கத்துப் பெற்றோர்களே போய், வகுப்பில் வெளி ஆட்கள் நடமாடுகிறார்கள், எங்கள் பிள்ளைகளுக்குக் கவனம் சிதறுகிறது என்று புகார் செய்தார்கள். கவனம் சிதறுகிறதாம்! செக்கரக்கா அதைக் கேட்டு, வயிறு எரிய எரியச் சிரித்தாள். ஆனால் அந்தப் புகாருக்குத்தான் மதிப்பு இருந்தது. மறுநாளே ஸ்பெஷல் வகுப்பை மேல்மாடி நூலகத்துக்கு மாற்றினார்கள். தட்டி கழன்றது. அறுபது பேரும் வாரத்துக்கு ஒருமுறை இடம் மாறி உட்காரலாம் என்று ஆனது. கணக்கு டீச்சர் மட்டும் திரும்பி வரவே இல்லை. பரீட்சைக்கு ஏழு வாரம் இருந்தது.

அந்த ஏழு வாரமும் மைனா புத்தகமும் கையுமாகத்தான் இருந்தாள். பந்து விளையாடவும் போனாள், அம்மாவே ஷூவை எடுத்துக் கொடுத்தாள். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஆனால் பழைய மைனா இல்லை. எதையும் சொல்வதற்கு முன் அம்மாவின் முகத்தை ஒரு முறை பார்த்துக்கொள்கிறாள்.

ரிசல்ட் வந்த அன்று பள்ளி வாசலில் இருபது படங்களைப் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். மைனாவுக்குக் கணக்கில் ஐம்பத்தெட்டு, அறிவியலில் அறுபத்தைந்து. கண்ணாடிக்காரியும் ஊமைக்கோட்டானும் தேறிவிட்டார்கள். நெட்டை கணக்கில் ஆறு மார்க்கில் போய்விட்டாள். நெடுநெடுவென்று வளர்ந்த அந்தப் பெண், மாடிப்படியின் கடைசிப் படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு எவ்வளவு சின்னதாக முடியுமோ அவ்வளவு சின்னதாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குழாய்க்காரர். அன்று அவரிடம் ஜோக் இல்லை.

தலைமையாசிரியை செக்கரக்காவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "பாத்தீங்களாம்மா? நான் சொன்னேனில்ல, வீட்டுல கொஞ்சம் கவனிச்சா பிள்ளைங்க தானா தேறும்னு."

பத்தொன்பது வார்த்தைகள் அவள் நாக்கு நுனியில் வந்து நின்றன. ஒன்றுகூட ஒரு பள்ளிக்கூட வாசலில் சொல்லத்தக்கதல்ல. மூச்சை இழுத்து விட்டாள்.

"டீச்சர், அந்தப் பொண்ணு ஆறு மார்க்குல போயிட்டா. ஆறு மாசம் இந்தப் பள்ளிக்கூடம் அவளுக்குக் கணக்கு டீச்சரைக் கொடுக்கலை. அடுத்த மாசம் மறு பரீட்சை. அதுவரைக்கும் கணக்கு டீச்சர் அவளுக்குப் பாடம் எடுக்கணும். அவளை மாதிரி போனவங்க எல்லாருக்கும் எடுக்கணும்."

"இப்போ லீவும்மா. யாரும் வரமாட்டாங்க."

"அப்படியா. சரி." ஆபீஸ் வாசலில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மைனா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரி வந்தாள். ஆஸ்பத்திரி அம்மாள் மகளோடு வந்தாள். பெஞ்சில் இடம் இல்லாமல் போய்த் தரையிலும் உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியை உள்ளே போனார், வெளியே வந்து பார்த்தார், மறுபடி உள்ளே போனார். படம் எடுக்க வந்த பத்திரிகைக்காரர் ஒருவர், இவர்கள் யார் என்று பியூனிடம் விசாரிக்கத் தொடங்கினார்.

முக்கால் மணி நேரம் கழித்து, இருபது படங்களுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்ட கணக்கு டீச்சரே இறங்கி வந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நெட்டைக்கு எதிரில் போய் நின்றார்.

"நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்கு வா. மத்தவங்களையும் கூட்டிட்டு வா."

நெட்டை தலையாட்டினாள். குழாய்க்காரர் எழுந்து கும்பிடப் போனார். செக்கரக்கா அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"எதுக்குண்ணே கும்பிடுறீங்க? போன வருஷமே வந்திருக்க வேண்டியவங்க."